இருநூற்று நாற்பத்தாறு எழுத்துகள்

செத்துப்போன எழுபத்தொன்றாம் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, என் அக்கா மேகலா எனக்குப் போன் பண்ணி, வெண்டைக்காய் வதக்கும்போது மூடி போட்டுத் தொலைக்காதே என்று சொன்னாள்.

அவள் செத்தது எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். நான் பெற்ற மகளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருசம் நான் மாடாய் உழைத்த இடத்தில் என் முதலாளிக்குத் தெரியும். வாசலில் கீரை விற்க வருகிற அம்மாளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இரண்டு மாதமாக என் முகத்தைப் பார்க்காமலே கீரைக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கூடப்பிறந்த எனக்கு மட்டும் தெரியாது.

கோபத்தில் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் சுகுணா. கோயம்புத்தூரில் எதிரொலிக் குரலகம் என்று ஒரு நிறுவனம். அங்கே வரி எழுதுவது என் வேலை. தொண்டையில் கட்டி வந்தவர்கள், நரம்புத் தளர்ச்சியில் நாக்கு கட்டிக்கொள்ளப் போகிறவர்கள், இப்படிப்பட்டவர்கள் எங்களிடம் வருவார்கள். குரல் போவதற்கு முன்னால் அதை எடுத்து வைத்துவிட்டால், போன பிறகு அவர்கள் என்ன தட்டச்சு செய்தாலும் இயந்திரம் அவர்கள் குரலிலேயே பேசும். அதற்கு ஒரே ஒரு வாக்கியம் வாசித்தால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தில் தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் இருக்க வேண்டும். அதற்கு முழுவரி என்று பெயர் வைத்திருந்தோம்.

வாக்கியம் என்பது பேருக்குத்தான், ஒன்றரைப் பக்கம் ஓடும். நடுவில் முற்றுப்புள்ளி வைக்க முடியாது. வைத்தால் மனுசர்கள் அங்கே மூச்சு விட்டுவிட்டு, அடுத்ததைப் புதிதாக நடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் எல்லோருக்கும் ஒரே வரியைத்தான் கொடுத்தோம். ஆண்டு விழாவில் அறிக்கை வாசிக்கிற மாதிரி வாசித்தார்கள், இயந்திரமும் அப்படியே பேசியது. ஒரு மனுசர் ஆபரேசன் முடிந்து வீட்டுக்குப் போய் மனைவியிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்க, அந்த அம்மா, "இந்த ஆபீசர் எனக்கு வேண்டாம், என்ற வீட்டுக்காரரைக் குடுங்க" என்று எங்கள் வாசலில் வந்து நின்று அழுதார். அதற்குப் பிறகுதான் ஆளுக்கு ஒரு வரி என்று நான் ஆரம்பித்தேன். நாலைந்து நாள் கூட உட்கார்ந்து, வாயைக் கிளறி, அவரவர் கதையை அவரவர் வாக்கியத்தில் போட்டுக் கொடுப்பேன். சொந்தக் கதையை யாரும் ஒப்பிப்பதில்லை.

நாலு வருசத்துக்கு முன் அக்காவுக்குத் தைராய்டில் கட்டி. எடுக்கும்போது குரல் நரம்பு போனாலும் போகலாம் என்றார் டாக்டர். ஆனைமலைப் பக்கம் தோப்பில் தனியாக இருந்தவளை இழுத்து வந்து நாலு நாள் என்னோடு வைத்துக்கொண்டேன்.

"எதுக்குடி இத்தனை எழுத்து? நான் பேசறதுக்கு அம்பது பத்தாதா?" என்றாள்.

"பத்தாதுக்கா. நீ எந்தச் சத்தத்தை வாசிக்காம விடறயோ, அது மிசினுக்குத் தெரியாது. வேற ஆளோட குரல்ல இருந்து எடுத்து ஒட்டிரும்."

"யாரு கொரல்ல இருந்து?"

"என்ற குரல்தான். மொதல்மொதல்ல அதுக்குப் பேசப் பழக்கினதே நான்தான. மூணு மாசம் உக்காந்து படிச்சுக் குடுத்தேன். அடிக்குரல்னு அதுக்குப் பேரு. எங்க ஓட்டை விழுந்தாலும் அதை வெச்சுத்தான் அடைக்கும்."

"அப்பறம் என்ன? உன் கொரலும் என் கொரலும் ஒண்ணுதான. போன் எடுத்தா அப்பாவே மாத்திக் கூப்புடுவாரு."

"ஒண்ணு இல்லக்கா. உன்னுது வெல்லம், என்னுது மொளகா."

"அது உன்ற வாய்டி, கொரல் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

முழுவரியில் எங்களைப் படுத்தி எடுப்பது ங வரிசைதான். ங, ஙா, ஙி, ஙீ என்று பன்னிரண்டு இருக்கின்றன, அவற்றில் தொடங்கும் சொல்லைத் தேடினால் கிடைக்காது. வெறும் எழுத்தாக வாசிக்கச் சொன்னால் வாய் கோணுகிறது. பால்குடிக் குழந்தைகள் மட்டும்தான் அந்த எழுத்துகளைப் பேசுகின்றன என்பது என் கண்டுபிடிப்பு. அதனால் வருகிறவர்களிடம், உங்கள் வீட்டுக் குழந்தை தொட்டிலில் கிடந்து என்னவெல்லாம் சத்தம் போட்டது என்று கேட்டு எழுதிக்கொள்வேன். எப்பேர்ப்பட்ட ஆளும் அந்த இடம் வந்ததும் சிரித்துவிடுவார். சிரித்தால் திரும்ப வாசிக்க வைக்க வேண்டும், ஏனென்றால் சிரிப்பு எழுத்தை விழுங்கிவிடும். இது விதி, இதை எழுதியவளும் நான்தான்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் நித்திலாவை இரண்டரை வயசு வரை அவள்தான் வளர்த்தாள். அப்போது எனக்குச் சென்னையில் வேலை. நான் பெற்ற பிள்ளை தொட்டிலில் என்ன சத்தம் போட்டது என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்டுத்தான் எழுதினேன். பசித்தால் ஙூ, பால் வந்தால் ஙா, தீர்ந்துபோனால் ஙே என்று ஒரு முழி. வாசித்துக்கொண்டே வந்தவள் அந்தக் கடைசி இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எழுத்து அப்படியே உள்ளே போய்விட்டது.

நான் திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இருந்தது. கட்டம் போட்ட தாளில் அந்த எழுத்துக்கு நேரே டிக் அடித்துவிட்டேன். சொந்தக்காரர்களுக்கு எழுதினால் இன்னொருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்பதும் விதி. என் அக்காவின் வரியை இன்னொருத்தி பார்ப்பதா என்று ஒரு கொழுப்பு எனக்கு. கட்டி நல்லபடியாகப் போனது, குரல் தப்பித்தது, பதிவு குரலகத்திலேயே தூங்கியது. நானும் மறந்துவிட்டேன்.

இந்த வருசம் என் முறை. இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்றார்கள். அக்கா பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நீ வராத. வந்தா ஐசியு வாசல்ல உக்காந்து ஒப்பாரி வெச்சு ஊரைக் கூட்டிருவ. நான் வீட்டுக்கு வந்தப்பறம் வா" என்று போனில் சத்தம் போட்டேன். "சரி சாமி" என்று வைத்துவிட்டாள். இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

நான் கண் விழித்து வார்டுக்கு வந்த அன்று, என் வீட்டுக்காரர் சிவராசு மொட்டைத் தலையோடு நின்றார். "பழனிக்கு வேண்டிக்கிட்டேன்" என்றார். இருபத்தெட்டு வருசத்தில் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பாரே தவிர, உள்ளே வராத மனுசன். எனக்காக மொட்டை அடித்திருக்கிறாரே என்று நான் உருகிப்போனேன். தடவிப் பார்த்து அழுதேன். அவரும் அழுதார்.

அக்கா ஏன் வரவில்லை என்று கேட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது, மூன்று மாதம் படுக்கை என்றார்கள். எனக்கும் மூன்று மாதம் பயணம் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, அதிர்ச்சி எதுவும் கூடாது. நல்ல ஜோடி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் தினமும் நாலு மணிக்கு அக்கா கூப்பிட ஆரம்பித்தாள். முகம் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு எப்போதும் இல்லை, போனைக் காதில் வைத்தால்தான் பேச்சு வரும். ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு மூன்று விநாடி தாமதமாகும். தோப்புக்குள் சிக்னல் அப்படி என்றார்கள். என்னவெல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள் பாருங்கள்.

எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். மார்பில் தையல் போட்ட இடம் அரிப்பது, தூக்கம் வராதது, செத்துவிடுவேனோ என்கிற பயம், எல்லாம். ஒரு நாள், "நித்தி எங்கிட்ட ஒட்டவே மாட்டேங்கறாக்கா. சோறு போடறா, மாத்திரை குடுக்கறா, மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. அவ உன்ற மகதான், எனக்குப் பொறந்ததோட சரி" என்று சொல்லி அழுதேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியெல்லாம் இல்ல சாமி. அவளுக்கு உன்னைக் கண்டா பயம். வேறொண்ணும் இல்ல" என்றாள்.

எழுபத்தொன்றாம் நாள் வெண்டைக்காய்ப் பேச்சு முடிந்து, ஊர்க்கதை தொடங்கினாள். "பக்கத்துத் தோட்டத்துக்காரன் புது வண்டி வாங்கிட்டு வந்து, எப்படி அணைக்கறதுன்னு தெரியாம நடுரோட்டுல நிறுத்திப்போட்டு ஙேன்னு முழிச்சுட்டு நின்னானாமா."

எனக்குச் சுருக்கென்றது. வெல்லத்துக்கு நடுவில் மிளகாய் கடிபட்ட மாதிரி, அந்த ஒரு எழுத்து மட்டும் என் குரலில் வந்தது.

"எப்படி முழிச்சானாமா?" என்று கேட்டேன்.

"ஙேன்னு முழிச்சான்."

மறுபடியும் நான். என் குரலை எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருசம் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேசுவது அக்கா இல்லை, இயந்திரம்.

சத்தியமாக, செத்திருப்பாள் என்று தோன்றவே இல்லை. கட்டி திரும்ப வந்து குரல் போய்விட்டது, பெட்டியை வைத்துக்கொண்டு தட்டிப் பேசுகிறாள், எனக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்கே எனக்குக் கோபம் பொங்கியது. "சித்தெ நேரம் இரு அக்கா, அடுப்பை அணைச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, நித்தியை நாலு கேள்வி கேட்க மாடிக்கு ஏறினேன். பதினான்கு படி. ஏறக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் ஏறுவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. நித்தி எனக்கு முதுகைக் காட்டி, காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்கள் கீபோர்டின் மேல் காத்துக்கொண்டிருந்தன.

போனை வாயருகே வைத்து, மெதுவாக, "அக்கா, உனக்குத் தொண்டையில ஏதாச்சும் வலி இருக்குதா?" என்றேன்.

நித்தியின் விரல்கள் ஓடின. இரண்டு விநாடி. என் காதில் அக்கா சொன்னாள், "தொண்டைக்கென்ன, நல்லாத்தான் இருக்குது. ஏன் கேக்கற?"

"நித்தி" என்றேன், இந்த முறை போனில் இல்லை. "பெரியம்மா எங்கடி?"

திரும்பினாள். ஹெட்போனைக் கழற்றினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் பல நாளாக இதற்காகவே காத்திருந்தவள் போல ஒரு பெருமூச்சும் விட்டாள்.

"பெரியம்மா இல்லம்மா."

"இல்லன்னா?"

"இல்லம்மா. உனக்கு ஆபரேசன் ஆன மூணாம் நாள். நெஞ்சு வலி. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில வெச்சு..."

நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கணக்குத்தான் ஓடியது. எடுத்தாயிற்று. சாம்பல் கரைத்தாயிற்று. கருமாதி முடித்தாயிற்று. நான் இங்கே கஞ்சி குடித்துக்கொண்டு, அக்கா கால் எலும்பு கூடிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"யாரு கொள்ளி வெச்சா?"

"அப்பா."

"அப்போ அந்த மொட்டை?"

நித்தி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த மொட்டைத் தலையைத் தடவிய கையை வெட்டி எறியலாம் போல இருந்தது. பழனிக்கு வேண்டிக்கொண்டாராம்!

"தினமும் நீதானா?"

"நான்தாம்மா. அப்பாவுக்கு வேகமா டைப் பண்ண வராது. பெரியம்மா மாதிரி பேசவும் வராது. எனக்குத்தான் வரும்."

"அப்போ உன்னைப் பத்தி நான் சொன்னதெல்லாம்?"

"கேட்டேன்."

"என்னைக் கண்டா உனக்குப் பயம்னு அக்கா சொன்னாளே."

"அது பெரியம்மா சொன்னது இல்லம்மா. அது மட்டும் நானாச் சொன்னேன்."

எனக்கு அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வளர்த்தவளை இழந்துவிட்டு, தினமும் நாலு மணிக்கு அவளாகவே உட்கார்ந்து பேசிய பிள்ளை என்பது புத்திக்குத் தெரிந்தது, நெஞ்சுக்கு ஏறவில்லை. "என்னை ஏமாத்திட்டயேடி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஐந்து மணிக்குக் கடையிலிருந்து வந்த சிவராசு, நான் மாடியில் இருப்பதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி வந்தார்.

"சுகுணா, டாக்டர்தான் சொன்னாரு. அதிர்ச்சி தாங்காதுன்னாரு. ரெண்டு நாளு மறைக்கலாம்னுதான் நெனச்சோம்."

"ரெண்டு நாளா இது?"

"நீ கண்ணு முழிச்சதும் அக்காகிட்டப் பேசணும், அக்காகிட்டப் பேசணும்னு அடம் புடிச்ச. பிபி எகிறுச்சு. என்ன பண்ணச் சொல்ற? உன்னையும் அனுப்பிட்டு நானும் இவளும் எங்க போய் நிக்கறது? மூணு மாசம் முடிஞ்சு டாக்டரைப் பாத்துட்டு சொல்லிரலாம்னு இருந்தோம். இன்னும் பதினேழு நாள்தான் பாக்கி."

"அக்காவோட முகத்தை ஒருக்கா பாக்க விட்டீங்களாங்க? செத்த மொகம்தான், பாக்கற பாத்தியதை எனக்கு இல்லையா?"

அவரை நான் முழுக்கக் குறை சொல்லவும் முடியாது, அதுதான் இன்னும் எரிகிறது. நோயாளியிடம் சாவை மறைப்பது எங்கள் பக்கம் வழக்கம். என் மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் தம்பி இறந்ததை நானே ஒரு வாரம் மறைத்திருக்கிறேன். ஊருக்குப் போயிருக்கிறார், வருவார் என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்போது செத்தவரைப் பேச வைக்க வழி இல்லை. அதனால் பொய்க்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயுசு இருக்காது, எப்படியும் உடைந்து, நாலு பேர் கூடி அழுது தீர்ந்துவிடும். அந்த வழியை உண்டாக்கிக் கொடுத்தவள் நான். இருநூற்று நாற்பத்தாறு எழுத்தை ஒழுங்காகக் கோத்துக் கொடுத்தேன், என் வீட்டிலேயே எடுத்து எனக்கே மாட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, குரலகத்தை நடத்துகிற பாஸ்கரன் வந்தார். நான்தான் வரச் சொன்னேன். என்னைவிட ஆறு வயசு இளையவர், இரண்டு மேசை, ஒரு மைக் என்று ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருக்கிறேன். கூடத்தில் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். சிவராசு சுவரோரம் நின்றார், நித்தி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆள் இறந்துட்டா பதிவை அழிச்சிரணும். இந்த விதியை யார் எழுதினது சார்?" என்றேன்.

"நீங்கதான் மேடம்."

"அப்பறம்?"

"அதுலயே வாரிசு எழுதிக் கேட்டா தொண்ணூறு நாள் வெச்சிருக்கலாம்னு இருக்கே மேடம். உங்க அக்கா வாரிசா நித்திலா பேரைத்தான் போட்டிருந்தாங்க. அவங்க கேட்டாங்க."

"அது ஒருக்காக் கேட்டு அழறதுக்கு வெச்ச தொண்ணூறு நாள் சார். செத்தவளைக் கொண்டு வெண்டைக்காய்க்குப் பக்குவம் சொல்ல வைக்கறதுக்கு இல்ல."

"நீங்க பொழைக்கணும்னுதான் மேடம் எல்லாரும் நெனச்சோம். நானும் உடனே ஒத்துக்கல. அன்னைக்கு உங்க குரல் வேணும்னு கேட்டப்பகூட ரொம்ப யோசிச்சேன். சட்டத்துல இடமில்லைன்னு தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான் திறந்துவிட்டேன்."



"என்ற குரலையா?" என்றேன்.

பாஸ்கரன் சிவராசுவைப் பார்த்தார். சிவராசு தரையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் அந்த மனுசன் வாயை விட்டிருக்கிறார்.

"அடிக்குரல்... உங்களுதுதானே மேடம். முழுசா இருக்கே. ஒரு எழுத்துக்கூடக் குறையாம."

"எதுக்குத் திறந்தீங்க?"

படியிலிருந்து நித்தி சொன்னாள். "பெரியம்மா உன்னைக் கேட்டாங்கம்மா."

"எழுந்து போங்க சார்" என்றேன். அவர் ஏதோ மன்னிப்பு மாதிரி முணுமுணுத்தார். நான் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டு போய்விட்டார்.

நித்தி சொல்லச் சொல்லக் கேட்டேன். அன்றைக்கு அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கூப்பிட்டதும் சிவராசு பொள்ளாச்சிக்கு ஓடியிருக்கிறார். நித்தி என் ஐசியு வாசலில் இருந்தாள். நான் உள்ளே வாயில் குழாயோடு கிடந்தேன். அக்காவுக்கு நினைவு நன்றாக இருந்திருக்கிறது. சுகுணா பிழைத்துவிட்டாளா, பேசச் சொல்லுங்கள் என்று ஒரே பிடியாய்ப் பிடித்திருக்கிறாள். பிழைத்துவிட்டாள் என்று எல்லோரும் சொல்லியும் நம்பவில்லை, அவள் குரலைக் கேட்டால்தான் நம்புவேன் என்றாளாம். சிவராசு தன் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரில் வைத்தார். நித்தி ஆஸ்பத்திரி நடையில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தட்டினாள்.

"பதிவு இருக்குதா?"

"இருக்குது. கேக்காதம்மா."

"போடு."

"வேண்டாம்மா, உன்னைக் கும்புடறேன்."

"போடுடி!"

போட்டாள். முதலில் மூச்சு. அக்காவின் நிஜமான மூச்சு, இழுத்து இழுத்து. இத்தனை நாளாக நான் போனில் கேட்டதில் இந்த மூச்சு இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. நான் நிஜமாக உட்கார்ந்து பொய் அக்காவிடம் பேசியிருக்கிறேன், நிஜ அக்கா பொய்யான என்னிடம் பேசியிருக்கிறாள். நித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, நான்தான்" என்றது என் குரல். கொஞ்சம்கூடப் பிசிறு இல்லை. "நல்லா இருக்கேன்க்கா. எல்லாம் முடிஞ்சுது."

"வலிக்குதா சாமி?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. வலிக்கும்." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். "நீ வராதேன்னு சொன்ன, அதான் நான் வரல. கோவிச்சுக்காத."

இதற்குப் பதில் வர நேரமானது. என்ன தட்டுவது என்று தெரியாமல் நித்தி முழித்திருப்பாள். பிறகு என் குரல், நான் வாழ்நாளில் அக்காவிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னது. "என்ற மேலதான்க்கா தப்பு."

"ஒருக்கா உன்னப் பாக்கணும் போல இருக்குதுடி. வர முடியுமா?"

"வரேன்க்கா."

"நெசமாவா? எங்க இருக்கற?"

"கிளம்பிட்டேன்க்கா. வந்துட்டே இருக்கேன். ஆஸ்பத்திரி கேட்டுகிட்ட வந்துட்டேன்."

நித்தி அழுதுகொண்டே சொன்னாள். "ஒடனே பாக்கணும்னாங்கம்மா. வரலைன்னு எப்படிம்மா டைப் பண்றது? அதுக்கப்பறம் எனக்குக் கை ஓடல."

அதற்குப் பிறகு பதிவில் என் குரல் இல்லை. அக்கா யாரிடமோ, என்னைக் கொஞ்சம் வாசப்பக்கமாத் திருப்பிப் படுக்க வைங்க என்றாள். கட்டில் நகரும் சத்தம். சிவராசு ஏதோ சொல்ல வாயெடுத்திருக்க வேண்டும், அக்கா அவரை அடக்கினாள். "நேரமானா ஆகட்டும் மாப்பிள்ளை. ஆபரேசன் பண்ணின உடம்பு, மெதுவாத்தான் வருவா. வந்ததும் ஏன் லேட்டுன்னு யாரும் அவளத் திட்டாதீங்க."

கதவு திறந்தது. "சுகுணாவா?" என்றாள். யாரோ நர்ஸ், இல்லைம்மா என்றாள்.

மறுபடி திறந்தது. "சுகுணாவா?"

மூன்றாவது முறையும் கேட்டாள், குரல் தேய்ந்துபோய். நான் லேப்டாப்பைப் பார்த்து, "இதோ வந்துட்டேன்க்கா" என்று வாய்விட்டுக் கத்தினேன். சிவராசு ஓடி வந்து என்னைப் பிடித்தார், கையைத் தட்டிவிட்டேன்.

நாலாவது முறை கதவு திறந்தபோது அவள் கேட்கவில்லை.